இலண்டன் வாரியப் பள்ளிகளின் செங்கற் கட்டடக்கலை: ஒளியும் சமயச் சார்பின்மையும்

1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பெற்ற பள்ளி வாரியங்களைத் தோற்றுவித்தது. இலண்டன் வாரியம் 1871இல் ஈ. ஆர். ராப்சனைத் தன் கட்டடக்கலைஞராக அமர்த்தியது. அவர் எழுப்பிய பள்ளிகளை ‘அரசி ஆன் பாணி’ என்னும் அக்கால நாகரிகத்தின் ஒரு கிளையாகவே பலர் கருதுவர். அக்கருத்து முழுமையன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அதற்கு முன் ஏழையர் பள்ளிகளுட் பெரும்பாலானவை திருச்சபைச் சங்கங்களுக்குரியவை. கூர்வளைவுகளைக் கொண்ட கோதிக் பாணியின. வாரியப் பள்ளியிலோ எந்தவொரு சபைப் பிரிவுக்குமுரிய மறைவினாவிடையையும் கற்பித்தலாகாது எனச் சட்டம் விதித்தது. ஆகவே கோயிற் சாயல் அதற்குப் பொருந்தாது என்பது ராப்சன் 1874இல் வெளியிட்ட ‘பள்ளிக் கட்டடக்கலை’ நூலின் நிலைப்பாடு.

எனினும் கொள்கை மட்டுமே சுவரை எழுப்பிவிடவில்லை. அகன்ற வகுப்பறையின் உட்கோடிவரை ஒளி சென்று சேர்வது சாளரத்தின் மேற்பகுதி வழியாகவே. கூர்வளைவு அந்த இடத்தில்தான் குறுகிவிடுகிறது. ராப்சன் கையாண்ட, மேலும் கீழும் நகரும் சட்டச் சாளரமோ முழு அகலத்தோடு கூரையை அணுகி நிற்கிறது. எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, மாணவருக்கு இடப்புறமிருந்தே ஒளி வரவேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். பாணியைத் தேர்ந்ததில் கண்ணின் நலத்துக்கும் பங்குண்டு என்பது இதனாற் பெறப்படும்.

‘செங்கற் கட்டடம்’ என்னும் வழக்கும் சற்றே மயக்கம் தருவது. இவற்றுட் பலவற்றின் சுவர்ப்பரப்பு இலண்டனுக்கே உரிய மஞ்சட் செங்கல்லால் ஆனது. சிவப்புச் செங்கல் சாளர விளிம்புகளிலும் மூலைகளிலும் முகட்டுச் சுவர்களிலும் இடம்பெறுகிறது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அந்தச் சிவப்பே முந்தித் தெரிகிறது.

உயரத்துக்குக் காரணம் நிலத்தின் விலை. நெருக்கமான தெருக்களில் கிடைத்த சிறு மனையில் மூன்று தளங்கள் அடுக்கப்பட்டன. கீழே மழலையர், மேலே சிறுவரும் சிறுமியரும் தனித்தனித் தளங்களில். சில பள்ளிகளில் விளையாடுமிடமும் கூரைக்கு ஏறிற்று. 1893இல் வெளிவந்த கோனன் டாயிலின் கதையொன்றில், தொடர்வண்டியிற் செல்லும் ஷெர்லாக் ஹோம்ஸ் வீட்டுக்கூரைகளுக்கு மேல் எழும் இப்பள்ளிகளைக் கண்டு வியக்கிறான். அவன் வியந்த அவ்வுயரம் சிக்கனத்தின் விளைவே.

மூவகையினருக்கும் வாயில்கள் வேறுவேறு. அவற்றின்மேல் பிரிவின் பெயர் பொறிக்கப்பட்டது. எஞ்சியுள்ள கட்டடங்கள் சிலவற்றில் அவ்வெழுத்துகளை இன்றும் காணலாம்.