விட்ட பழக்கம் திரும்பாதிருக்க

மகாபாரதத்தில் தருமர் பகடையாடி நாட்டையும் தம்பியரையும் இழந்த கதையை நாம் அறிவோம். அவர் இரண்டாம் முறையும் ஆடினார் என்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. முதல் ஆட்டத்தில் இழந்தவை அனைத்தும் திரௌபதியின் பொருட்டுத் திருப்பித் தரப்பட்டன. பாண்டவர் ஊர் திரும்பும் வழியில் மீண்டும் அழைப்பு வந்தது. தருமர் மறுக்கவில்லை. அந்த இரண்டாம் ஆட்டமே பாண்டவரைப் பதின்மூன்று ஆண்டுகள் நாட்டை விட்டு விலக்கியது. ஆட்டத்தை ஒருமுறை நிறுத்துவது வேறு, மறுபடியும் அழைப்பு வரும்போது அசையாமல் நிற்பது வேறு என்பதை இக்கதை உணர்த்துகிறது.

இன்று அந்த அழைப்பு நாள்தோறும் வருகிறது. 1864ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பினாங்குக் குதிரைப் பந்தய மன்றம், 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. பந்தயத் திடல் ஓய்ந்தது, சூதாட்டமோ ஓயவில்லை. அது கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. கெலுகோரிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறைக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர், பேருந்தில் அமர்ந்தபடியே தம் மாதச் சம்பளத்தை இழந்துவிட முடியும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக்கூட அது தெரியாது.

தீமை என்று அறிந்தும் ஏன் பலரால் இதை விட முடிவதில்லை? ‘விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்னும் எண்ணமே முதற்காரணம். நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். எந்த எண்ணை வாங்கினாலும் அதற்கு முதல் பரிசு கிட்டும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுதான். பத்தாண்டுகளாக வாங்கித் தோற்றவருக்கும், இன்று முதன்முறையாக வாங்குபவருக்கும் அதே வாய்ப்புதான். இருப்பினும், தோற்றவர் ‘அடுத்த முறை நமக்குத்தான்’ என்று நம்புகிறார். ஓர் இலக்கம் மட்டும் மாறிப்போனால், வெற்றி அருகில் வந்துவிட்டதாக அவர் மனம் கணக்குப் போடுகிறது. இவ்வாறு கட்டுப்பாட்டை இழக்கும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் அடிமைப்பழக்கக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. எனவே, ‘மனவுறுதி இல்லாதவர்’ என்று ஒருவரை ஏசுவதால் மட்டும் அவர் மீண்டுவிட மாட்டார்.

மீள்வதற்கு ஒரு வழியை இருவர் காட்டினர். 1957ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவில் சூதாட்டத்தால் அல்லலுற்ற இருவர் தற்செயலாகச் சந்தித்தனர். தங்கள் துன்பங்களை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொண்டனர். தொடர்ந்து சந்தித்தும் வந்தனர். மாதங்கள் கடந்தன. இருவருமே சூதாட்டத்திற்குத் திரும்பவில்லை. தனியே முயன்றபோது இயலாதது, இருவராகச் சேர்ந்தபோது இயன்றது. அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர்கள் முதற்குழுக் கூட்டத்தை நடத்தினர். இன்று பல நாடுகளில் செயல்படும் ‘கேம்ப்ளர்ஸ் அனோனிமஸ்’ என்னும் அமைப்பு இவ்வாறே பிறந்தது.

இவ்வமைப்பில் சேரக் கட்டணம் இல்லை. சூதாட்டத்தை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் இருந்தால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் செவிமடுக்கின்றனர். ‘இனி வாழ்நாளெல்லாம் ஆடமாட்டேன்’ என்னும் பெரிய சபதத்தைவிட, ‘இன்று ஒருநாள் ஆடமாட்டேன்’ என்னும் சிறிய உறுதியையே அவர்கள் பெரிதாக மதிக்கின்றனர். ஆசை தலைதூக்கும் வேளையில், முன்பே மீண்ட ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். கடன் சுமையால் நலிந்தவருடன் அனுபவமிக்க உறுப்பினர்கள் அமர்ந்து, கடன்களை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு, அவற்றை அடைக்கும் திட்டத்தையும் வகுத்துத் தருகின்றனர். மறைத்து வைத்த கடன் வெளிச்சத்திற்கு வரும்போது பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

குடும்பத்தினரின் துணையும் இன்றியமையாதது. ஆனால், துணை என்பது கடனை அடைத்துவிடுவதன்று. பெற்றோர் நகையை விற்றுக் கடனை அடைத்தால், மகன் கையில் மறுபடியும் கடன் வாங்கும் தைரியம் பிறக்கலாம். அதற்கு மாறாக, சம்பளப் பணத்தைச் சில காலம் மனைவியோ பெற்றோரோ பொறுப்பேற்றுக் கையாளலாம். கைப்பேசியிலுள்ள சூதாட்டச் செயலிகளைச் சேர்ந்தே அமர்ந்து நீக்கலாம். எண் விற்கும் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியாக வீடு திரும்பலாம். ஆட்டத்தில் கழிந்த மாலைப்பொழுதைப் பந்து விளையாட்டிலோ கோயில் திருப்பணியிலோ செலவிடலாம். கடன் பிரச்சனைக்கு ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக வழிகாட்டுகிறது. வட்டி முதலைகள் மிரட்டினால் காவல்துறையில் புகார் செய்வதே முறை.

மீண்டவர் மறுபடியும் ஒருநாள் சறுக்கக்கூடும். அப்பொழுது, ‘எல்லாம் போயிற்று’ என்று அவரும் சோர்ந்துவிடக்கூடாது. ‘நீ திருந்தவே மாட்டாய்’ என்று பிறரும் ஒதுக்கிவிடக்கூடாது. சறுக்கலை அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுபவர் விரைவில் எழுந்து நிற்கிறார். அதை மறைப்பவரே மேலும் ஆழத்தில் விழுகிறார். தருமர் அமர்ந்திருந்த அவையில் பெரியோர் பலர் இருந்தனர். எச்சரித்த விதுரரின் சொல் எடுபடவில்லை. மற்றவர் பலர் வாய் திறக்கவில்லை. நம் வீடுகள் அத்தகைய அவைகளாக இருத்தல் கூடாது.

உங்கள் வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ ஒருவர் இப்பழக்கத்தில் சிக்கியிருந்தால், அவருடைய கடனைத் தீர்ப்பது உங்கள் கடமையன்று. பணம் கேட்டால் மென்மையாக மறுத்துவிடுங்கள். பேச வந்தால் பொறுமையாகக் கேளுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கூறுங்கள். தாலியான் காசே 15999 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உதவி கேட்பது தலைகுனிவன்று. மீட்சியின் முதற்படி அதுவே.

கருத்துணர் வினாக்கள்

1. தருமரின் இரண்டாம் ஆட்டத்தை ஆசிரியர் எதற்காகக் குறிப்பிடுகிறார்?
2. ‘விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்னும் எண்ணம் தவறானது என்பதை நான்கு இலக்க எண்ணைக் கொண்டு விளக்குக.
3. கடனை அடைத்துவிடுவது உண்மையான துணையாகாது என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் எழுதுக.