குடிமதிப்பும் தேவனுடைய முன்னறிவும்

வேதபகுதி: மீகா 5:2, மத்தேயு 1:18–2:23, லூக்கா 2:1–7

டிசம்பர் மாதம் பிறந்தால் மும்பை தாராவியின் சந்துகளில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள் ஒளிரும். 2024-ஆம் ஆண்டு முதல் அவ்வாசல்கள் பலவற்றில் கணக்கெடுப்பு எண்ணும் எழுதப்பட்டது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காக அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்த தரைத்தள வீடுகளில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே இலவச வீடு; அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை உண்டான வீடுகளில் இருப்போருக்கும் மேல்தளங்களில் இருப்போருக்கும் தாராவிக்கு வெளியே விலையோ வாடகையோ செலுத்திப் பெறும் வீடு என்று விதி வகுக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்து, தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள் பலர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இவ்வாறே தமிழர் வேரூன்றினார்கள். இன்று தாராவியில் வாழும் அவர்களுடைய சந்ததியாரின் உள்ளத்தில் ஒரே கேள்வி: "பட்டியலில் எங்கள் பெயர் இருக்குமா? எங்கே அனுப்பப்படுவோம்?" கிறிஸ்து பிறந்த வரலாறும் ஒரு குடிமதிப்பில்தான் தொடங்குகிறது. ஆகவே இக்கேள்வியோடு அதை வாசிப்பது தகும்.

1. இராயனின் கட்டளையும் கர்த்தரின் நோக்கமும்

அகுஸ்துராயன் தன் இராஜ்யத்தின் குடிகளைக் கணக்கெடுக்கவே கட்டளையிட்டான். மீகாவின் தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனால் ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே பெத்லகேம் என்னும் சிற்றூரின் பெயரைக் கர்த்தர் மீகாவின் வாயினால் குறிப்பிட்டிருந்தார். மரியாளோ 120 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நாசரேத்தில் இருந்தாள். நிறைகர்ப்பிணியான அவளைப் பெத்லகேமுக்குக் கொண்டுசேர்த்தது அந்நிய அரசனின் கட்டளையே.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிரயாணத்திற்காக யோசேப்பு சொப்பனம் கண்டதாக லூக்கா எழுதவில்லை. தேவதூதன் வந்ததாகவும் எழுதவில்லை. யோசேப்பின் கண்ணுக்கு அது அரசாங்கத்தின் ஆணை மட்டுமே. தேவசத்தம் கேளாத நாளிலும் தேவவழிநடத்துதல் நிற்பதில்லை என்பதை அந்தப் பாதை காட்டுகிறது.

2. ஒரு வேளைக்கு ஓர் அடி

மத்தேயு நான்கு சொப்பனங்களில் யோசேப்பு நடத்தப்பட்டதைக் கூறுகிறார். முதலாவது, மரியாளைச் சேர்த்துக்கொள்ளும்படி (1:20). இரண்டாவது, பிள்ளையோடு எகிப்துக்கு ஓடிப்போகும்படி (2:13). மூன்றாவது, இஸ்ரவேல் தேசத்துக்குத் திரும்பும்படி (2:20). நான்காவது, யூதேயாவை விட்டுக் கலிலேயாவின் புறமாய் விலகிச்செல்லும்படி (2:22).

மரியாளைச் சேர்த்துக்கொண்ட நாளில் எகிப்தைப்பற்றி அவனுக்குச் சொல்லப்படவில்லை. எகிப்துக்குப் போன இரவிலும், எத்தனை நாள் அங்கே தங்கவேண்டும் என்று அறிவிக்கப்படவில்லை. மறுபடியும் சொல்லும்வரை இருக்கும்படி மட்டுமே கூறப்பட்டது. முழுப் பாதையும் கர்த்தருக்குத் தெரிந்திருந்தது; யோசேப்புக்குத் தெரிந்ததோ அடுத்த அடி மட்டுமே. கீழ்ப்படிவதற்கு அதுவே அவனுக்குப் போதுமாயிருந்தது.

3. முன்னறிந்த பாதையிலும் முன்னணை உண்டு

ஊரின் பெயரையே முன்னறிவித்த கர்த்தர் சத்திரத்தில் ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணியிருக்கக் கூடாதா? பாலகன் முன்னணையில் கிடத்தப்பட்டார். சில காலத்திற்குள் அகதியாக அந்நிய தேசத்திற்கும் கொண்டுபோகப்பட்டார். இவற்றில் எதுவும் வழி தவறியதற்கு அடையாளம் அல்ல. இடநெருக்கடியையும் இடமாற்றத்தையும் கண்டு, "தேவன் மறந்துவிட்டார்" என்று முடிவுசெய்வது அவசரத் தீர்ப்பு.

பெத்லகேமின் தாய்மார் அழுத அழுகையையும் மத்தேயு மறைக்கவில்லை (2:16–18). தேவன் முன்னறிந்தார் என்பதால் ஏரோதின் கொடுமை நியாயமாகிவிடாது. எனவே வீட்டை இழக்கும் நிலையிலுள்ள குடும்பத்தை நோக்கி, "எல்லாம் தேவசித்தம், பேசாமலிருங்கள்" என்று சொல்வது ஆறுதல் அல்ல. அழுகிறவர்களோடு சபையும் அழவேண்டும். அநீதி நடந்தால் அதை அநீதி என்றே சொல்லவேண்டும்.

4. விசுவாசமும் விவேகமும்

யோசேப்பு குடிமதிப்பு எழுதப்படும்படி போனான். தேவன் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் இருந்துவிடவில்லை. மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, பழைய வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்துவைப்பதும், தகுதி மறுக்கப்பட்டால் முறைப்படி மேல்முறையீடு செய்வதும் அவிசுவாசம் அல்ல. மராத்திப் படிவத்தை வாசிக்க இயலாத விதவைக்கு அதை நிரப்பிக்கொடுக்கும் வாலிபன் அன்று நல்ல ஊழியம் செய்கிறான்.

அர்கெலாயு அரசாளுகிறான் என்று கேள்விப்பட்டபோது யோசேப்பு பயந்தான். அந்தப் பயத்திற்காகக் கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; அந்தப் பயத்தின் நடுவிலேயே வழிகாட்டினார். அப்படிப் போய்ச் சேர்ந்த நாசரேத்திலேதான் இயேசு வளர்ந்தார்.

தாராவியில் மட்டுமல்ல, மாற்றல் உத்தரவையோ வேலையிழப்பையோ எதிர்நோக்கும் எந்த ஊர் விசுவாசிக்கும் இந்த வரலாறு குறிப்பிட்ட ஒரு வீட்டை வாக்களிக்கவில்லை. பாலகனுக்கு முன்குறிக்கப்பட்ட பெயரை வாக்களிக்கிறது: இம்மானுவேல். தேவன் தம்முடைய ஜனங்களோடு இருக்கிறார் என்பதே அதன் பொருள். பெத்லகேமின் முன்னணையிலும், எகிப்தின் அந்நிய வீதியிலும், நாசரேத்தின் தச்சன் வீட்டிலும் அந்தப் பெயர் மாறவில்லை. வாசலில் எழுதப்பட்ட எண் எந்தப் பட்டியலில் சேர்ந்தாலும், அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவர்களைக் கர்த்தர் பெயர்பெயராக அறிந்திருக்கிறார்.

சிந்தனைக்கு:

1. அரசாங்க உத்தரவின் மூலமாகவும் தேவன் வழிநடத்தினார் என்பதற்கு வேதத்தில் வேறு எவ்வுதாரணங்கள் உண்டு?

2. அடுத்த அடி மட்டும் தெரிந்த நிலையில் இந்த வாரம் கீழ்ப்படியவேண்டிய காரியம் எது?

3. வீடு அல்லது வேலை குறித்த கலக்கத்திலுள்ள ஒரு குடும்பத்திற்குச் சபை செய்யக்கூடிய நடைமுறை உதவி என்ன?

ஜெபக்குறிப்பு: கணக்கெடுப்பின் முடிவுக்காகக் காத்திருக்கும் தாராவிக் குடும்பங்களுக்கு நீதியான தீர்ப்பும், காத்திருக்கும் நாட்களில் மனச்சமாதானமும் கிடைக்க ஜெபிக்கவும்.