சம்பா நெல்லுக்கு யூரியாவைப் பகுத்திடும் முறை

நஞ்சையில் நெல் பயிரிடும் குடியானவர் எருவிற்காகச் செலவிடும் பணம் சிறிதன்று. அதில் எவ்வளவு பயிரின் வேரை அடைகிறது, எவ்வளவு நீரிலும் காற்றிலும் கலந்து வீணாகிறது என்பதை ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. இரண்டு வேலி உடையவருக்கு இந்நஷ்டம் தாங்கக்கூடியதாயிருக்கலாம். மூன்று மா நிலத்தைக் கொண்டு குடும்பத்தைக் காப்பவருக்கோ இது அவ்வருஷத்து உணவைப் பற்றிய விஷயமாகும்.

சில வருஷங்களுக்கு முன், காவேரிப் பாசனத்து ஊர் ஒன்றில் ஏக்கர் நிலமுடைய ஒருவருக்கு யூரியாவின் அளவை நான் கூறினேன். அவர் கடன் பெற்று வாங்கிய இரண்டு மூட்டைகளையும் கணுக்கால் மறையும் நீரில் ஒரே மாலையில் தூவிவிட்டார். அன்றிரவு பெய்த ஐப்பசி மழையில் நீர் வரப்பின்மேல் வழிந்தோடிற்று. பதினைந்து நாளில் பயிர் வெளுத்து நின்றது. அவரோ மறுபடியும் கடனுக்கு அலைந்தார். எருவின் அளவைச் சொன்ன நான், நீரை வடிக்கும்படியும் பகுத்திடும்படியும் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது. அது முதல் எந்த ஊருக்குச் சென்றாலும் அளவைக் கூறுமுன் முறையையே கூறி வருகிறேன்.

யூரியா வீணாகும் விதம்

யூரியா நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உடையது. மண்ணிலும் நீரிலுமுள்ள நுண்ணுயிர்களின் செயலால் அது அமோனியாவாக மாறுகிறது. இம்மாறுதல் சேற்றினுள் நிகழுமாயின் களிமண் அதைப் பற்றிக்கொண்டு வேருக்கு அளிக்கும். தேங்கிய நீரிலேயே நிகழுமாயின் வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். நிலம் மாறி மாறிக் காய்ந்து நனைவதாலும் சத்து வாயுவாகிப் போகும். மழைநீரோடு வழிந்தோடுவது வேறு நஷ்டம்.

ஆகையால் மேலுரம் இடும் நாளில் வயலின் நீரை வடித்து, சேறு தெரியும்படி செய்து, தூவிய மறுநாள் நீர் பாய்ச்சவேண்டும். மடையும் வரப்பும் ஒழுகலாகாது. கனமழை பெய்யும் குறி இருந்தால் இரண்டொரு நாள் பொறுத்திடுவது நன்று. இந்தியாவில் 2015 முதல் யூரியா வேம்பெண்ணெய் பூசப்பட்டு வருவதால் சத்து மெதுவாக வெளிப்படும். எனினும் அது வழிந்தோடும் நீரைத் தடுக்காது.

ஏக்கருக்குரிய அளவு

மண் பரிசோதனை செய்யாத நிலத்தில், மத்திய வயதும் நீண்ட வயதும் உள்ள நெல்லுக்குத் தமிழ்நாட்டில் கூறப்படும் பொது அளவு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ. ஏக்கருக்கு இது முறையே 60, 20, 20 கிலோவாகும்.

மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இடவேண்டும். டி.ஏ.பி. உரத்தில் மணிச்சத்து 46 பங்கும் தழைச்சத்து 18 பங்கும் உண்டு. ஆதலால் 43½ கிலோ போதும். அதிலேயே ஏறக்குறைய 8 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் அதனைக் கழித்தே யூரியாவைக் கணக்கிடவேண்டும். இக்கழிவைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

தழைச்சத்தை நான்கு சம பங்காக்குக.

1. அடியுரம்: டி.ஏ.பி.யுடன் யூரியா 15½ கிலோ.
2. தூர் கட்டும் பருவம்: யூரியா 32½ கிலோ.
3. தண்டு உருண்டு இளங்கதிர் தோன்றும் பருவம்: யூரியா 32½ கிலோ.
4. கதிர் வெளிவரும் பருவம்: யூரியா 32½ கிலோ.

ஒவ்வொரு முறையும் பொட்டாஷ் உரம் 8¼ கிலோ சேர்க்கவேண்டும். ஒரு மா நிலத்திற்கு இவற்றில் மூன்றில் ஒரு பங்கு.

கரும்பச்சை நன்மையன்று

பயிர் கருத்து நிற்பதைக் கண்டு மகிழ்வோர் பலர். மிதமிஞ்சிய தழைச்சத்தால் இலை மென்மையாகிப் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் எளிதில் பற்றும். கதிர் முற்றுமுன் பயிர் சாய்ந்துவிடும். இலைவண்ண அட்டை கொண்டு, நட்ட 14-ஆம் நாள் முதல் வாரந்தோறும், முழுதும் விரிந்த இளம் இலைகள் பத்தினை உடல் நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண்ணும், மற்ற இரகங்கள் பெரும்பாலானவற்றிற்கு 4-ஆம் எண்ணும் எல்லையாகும். பெரும்பாலான இலைகள் எல்லைக்குக் குறையாதிருந்தால் அந்த யூரியாவை ஒத்திவைக்கலாம். மூட்டையும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும்.

தழையெருவும் மண் பரிசோதனையும்

உப்பெரு மட்டும் இட்டுத் தொழுவெருவையும் தழையெருவையும் கைவிட்டால் நிலம் நாளடைவில் இறுகிச் சாரமிழக்கும். நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும், வரப்பில் கிளுவை போல் கிளைரிசிடியாவை நட்டுத் தழை வெட்டுவதும் சிறு குடியானவருக்குக் கைப்பணச் செலவு குறைந்த வழிகள். ஏக்கருக்கு 2½ டன் தழை இடுவது நலம்.

அறுவடைக்குப் பின், எருவிடுமுன், வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவியெடுத்துக் கலந்து, அரைக்கிலோ எடுத்துப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்குக. பரிசோதனை முடிவு கிடைத்தபின் மேற்சொன்ன பொது அளவை விட்டு அதன்படியே நடக்கவேண்டும்.

கிராம அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கூட்டுறவுக் கடனுக்கும் உரத்திற்கும் அடங்கல் நகல் கேட்டு வரும் சிறு குடியானவரைத் தாமதிக்கவிடாது அனுப்புதல் பேருதவியாகும். தூர் கட்டும் பருவத்துக்குரிய மூட்டை கதிர் வந்தபின் கிடைத்தால் கடன் மட்டுமே மிஞ்சும். அவ்வாறே, வடிகால்கள் மழைக்கு முன் தூர்வாரப்பட்டால்தான் நீரை வடித்து எருவிடும் முறையை ஊரார் கைக்கொள்ள இயலும். வடியாத வயலில் நாம் கூறும் யோசனை எதுவும் பயன்படாது.