தெரிந்து தெளியும் வணிகம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கணக்கேடும் கல்லாப்பெட்டியும் போதும் என்றிருந்த வணிகம் இன்று கணினியையும் மென்பொருளையும் நாடி நிற்கிறது. அவற்றை வழங்குவோரைப் பல்லாண்டுகள் சார்ந்திருக்கவும் நேர்கிறது. அத்தகையோரைத் தேர்ந்தெடுக்கும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

சேரும்முன் சிந்தித்தல்

நாற்காலி வாங்கினால் விற்றவருடனான தொடர்பு பெரும்பாலும் அன்றே முடிகிறது. கணக்கு மென்பொருள் வாங்கினால் தொடர்பு அன்றுதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் சேரும் வரவு செலவும் வாடிக்கையாளர் விவரமும் அதனுள்ளேயே தங்கிவிடுகின்றன. பின்னாளில் அதை வழங்கியவர் விலையை உயர்த்தினாலோ தொழிலை மூடினாலோ, வாங்கியவர் தொடரவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிப்பார். எனவே, ஒருவரோடு சேரும்முன்பே அவரைவிட்டுப் பிரியும் வழியையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

ஒரு நிறுவனம், இரு முடிவுகள்

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதற்கான நுண்செயலியை இன்டெல் நிறுவனம் வழங்கியது. ஆயினும், இன்றியமையாத உறுப்பு ஒன்றுக்கு ஒருவரை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பது ஐ.பி.எம். கொண்டிருந்த கொள்கை. அதனால், 1982இல் இன்டெல் தன் நுண்செயலியை ஏ.எம்.டி. நிறுவனமும் உருவாக்கி விற்க உரிமம் அளித்தது. ஒருவரிடம் தட்டுப்பாடு ஏற்பட்டாலும் மற்றவரிடம் பெறலாம் என்னும் நிலை உருவாயிற்று.

இயங்குதளத்தைப் பெற்றபோது நிலைமை வேறாக இருந்தது. அதை வழங்கிய மைக்ரோசாஃப்ட், பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. விரைவில் வேறு பல நிறுவனங்கள் அதே வகை நுண்செயலியையும் இயங்குதளத்தையும் கொண்டு ஐ.பி.எம். கணினிக்கு இணையான கணினிகளை உருவாக்கின. போட்டி பெருகியது. 2005இல் ஐ.பி.எம். தன் தனிநபர் கணினிப் பிரிவைச் சீனாவின் லெனோவா நிறுவனத்திற்கு விற்றது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், ஒப்பந்தத்தில் உரிமை யாரிடம் நிற்கிறது என்பதை நோக்காவிடில் பெருநிறுவனமும் இழப்புக்கு உள்ளாகும் என்பது தெளிவு.

தமிழ் அச்சுலகம் கற்ற பாடம்

தமிழ்ப் பதிப்பாளர்களும் இதே இடரைச் சந்தித்தனர். தொடக்கத்தில் எழுத்துரு உருவாக்கியோர் தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு முறைகளை வகுத்துக்கொண்டனர். ஒருவர் எழுத்துருவில் தட்டச்சு செய்த நூலை மற்றொருவர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. நூல் பதிப்பாளருடையது, அதைத் திறக்கும் சாவியோ பிறர் கையில் இருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டிப் பொது விசைப்பலகையும் பொதுக் குறியீட்டு முறைகளும் ஏற்கப்பட்டன. பின்னர் ஒருங்குறி பரவியதால் யார் வழங்கிய மென்பொருளிலும் தமிழைப் படிக்கலாம் என்னும் நிலை வந்தது. பொதுத்தரம் வாங்குவோருக்கு அரணாகும் என்பதற்கு இது சான்று.

கேட்க வேண்டிய வினாக்கள்

* நம் தரவுகளை, பிற மென்பொருள்களும் படிக்கும் வடிவில் திரும்பப் பெற முடியுமா?
* இதே பொருளை வழங்க வேறொருவர் உள்ளாரா?
* பழுதுநீக்கும் பணியும் உதிரி உறுப்புகளும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்?
* வாங்கும் விலையோடு பராமரிப்பு, பயிற்சி, மாற்றம் ஆகியவற்றின் செலவும் கணக்கிடப்பட்டதா?

தெரியுமா?

மென்பொருளின் மூல நிரலைப் பொதுவான மூன்றாம் தரப்பினரிடம் ஒப்படைத்து வைக்கும் வழக்கம் உண்டு. வழங்கிய நிறுவனம் மூடப்பட்டால், ஒப்பந்தப்படி அந்நிரல் வாங்கியவருக்குக் கிடைக்கும்.

குறள் காட்டும் நெறி

திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து தெளிதல்', ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று உணர்த்துகிறது. அரசர்க்கு உரைத்த அந்நெறி வணிகர்க்கும் பொருந்தும். வழங்குவோரை ஐயத்தோடு நோக்குதல் நட்பின்மை ஆகாது. பிரியும் வழி திறந்திருந்தும் பிரியாமல் தொடரும் உறவே நம்பிக்கையின் மீது எழுந்த உறவாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கடை ஒன்றில் பயன்படும் மென்பொருளை மாற்ற நேர்ந்தால் எழக்கூடிய இடர்களைக் கேட்டறிந்து எழுதுக.
2. 'பொதுத்தரம் வாங்குவோருக்கு அரண்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.