தொண்டருக்கு நன்றி கூறும் முறை

ஊதியம் ஏதும் பெறாமல் பொதுக் காரியங்களைத் தாங்கி நிற்போர் எந்த ஊரிலும் சிலர் இருப்பர். மாதர் சங்கத்தின் சாவியும் கணக்கும் அத்தகைய ஒருவரிடமே இருக்கும். அவர் ஓய்ந்து ஒதுங்கிய மறு மாதமே சங்கத்தின் கதவு அடைபட்டுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, தொண்டரை எவ்வாறு பாராட்டுவது என்பது வெறும் உபசாரம் பற்றிய கேள்வியன்று. அமைப்பு நிலைக்குமா என்பதைப் பற்றிய கேள்வியாகும். இதற்கென்று ஒழுங்கான முறையொன்றை வகுத்துக்கொண்டிருக்கும் அமெரிக்க நாட்டுச் சிறுமியர் சாரணர் இயக்கத்தின் அனுபவத்தை இங்கே சற்று ஆராய்வோம்.

ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில், 1912-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், ஜூலியட் கோர்டன் லோ என்னும் அம்மையார் 18 சிறுமியரைக் கொண்டு இவ்வியக்கத்தைத் தொடங்கினார். அம்மையாருக்குக் காது கேட்கும் திறன் மிகக் குறைவு. உதவிக்கு அவர் அழைத்தபோது தம்மால் இயலாதென்று மறுத்த தோழியரின் சொல் காதில் விழாதது போலவே இருந்து, அவர்களைக் குழுத்தலைவியராக்கி விடுவாராம்! இயக்கத்தின் செலவுக்காக 1914-இல் தமது முத்து மாலையையும் விற்றார். 1927-இல் அவர் மறைந்தபோது சாரணியர் சீருடையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். சாரணியருள் முதல்வர் மட்டுமல்லர், அனைவரினும் சிறந்தவரும் அவரே என்று இயக்கத்தார் அனுப்பிய தந்தி அச்சீருடையின் பையில் வைக்கப்பட்டிருந்தது.

இன்றும் அவ்வியக்கம் ஊதியமில்லாத பெரியோரைக் கொண்டே நடைபெறுகிறது. குழுத்தலைவி என்பவர் பெரும்பாலும் ஒரு சிறுமியின் தாயார். கூட்டம் நடத்துதல், முகாமுக்கு அழைத்துச் செல்லுதல், பிஸ்கோத்து விற்ற பணத்துக்குக் கணக்கு வைத்தல், பெற்றோருக்கு மறுமொழி கூறுதல் ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. தலைவி கிடைக்காத இடங்களில், சேர விரும்பும் சிறுமியர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரிடுகிறது. ஒரு தலைவியை இழப்பது ஒரு குழுவையே இழப்பதற்கு ஒப்பாகும்.

அவர்கள் வகுத்துள்ள விருதுகளில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பணியின் பயன் எவ்வளவு தூரம் எட்டியது என்பதே அளவுகோலாயிருப்பது. சிறுமியருடன் நேரே பழகிச் சிறப்பாகப் பணிபுரிந்தவருக்குச் 'சிறந்த தொண்டர்' விருது உண்டு. ஒருவருடைய பணியால் ஒரு வட்டாரம் முழுவதும் பயனடைந்திருந்தால் பாராட்டுச் சின்னமும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வட்டாரங்கள் பயனடைந்திருந்தால் கௌரவச் சின்னமும் வழங்குவர். கவுன்சில் எனப்படும் பெரும் பிரிவு முழுவதற்குமோ, இயக்கம் அனைத்திற்குமோ நன்மை விளைந்திருந்தால் 'நன்றிச் சின்னம்' அளிப்பர். பின்னரும் அதே தரத்தில் உழைப்பவருக்கு இரண்டாம் நன்றிச் சின்னம் உண்டு. உழைத்த ஆண்டுகளுக்கென்று வேறு சின்னங்கள் தனியே இருக்கின்றன. நெடுநாள் பணியும் அரும்பணியும் ஒன்றல்ல என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருக்கிறார்கள். நம்மவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், இருபது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கே மாலை போய்ச் சேருகிறது.

விருதுக்கு உரியவர் தாமே விண்ணப்பம் போட்டுக் கேட்பதில்லை. அவருடைய பணியை அருகிலிருந்து அறிந்தவர் பெயரை முன்மொழிய வேண்டும். வேறு சிலர் ஆதரவுக் கடிதம் எழுத வேண்டும். அவர் நல்லவர், அன்பானவர் என்று எழுதினால் மட்டும் போதாது. அவர் ஏற்ற பொறுப்பு யாது, அதில் எதிர்பார்த்ததற்கு மேலாக அவர் செய்தது யாது, அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பனவற்றைக் குறிப்பாகக் காட்ட வேண்டும். பொறுப்பை ஒழுங்காக நிறைவேற்றியது நன்றிக்குரியதே. ஆனால் விருதுக்கு அதற்கு மேலும் வேண்டும் என்பது விதி. இவ்வாறு எழுதுவது சிரமமான வேலை. ஆயினும், எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் உழைப்பின் அளவு அடுத்தவருக்கே விளங்குகிறது. என் கருத்தில், சின்னத்தைக் காட்டிலும் இக்கடிதமே பெரிது.

விருது பெறாதாரையும் அவர்கள் மறப்பதில்லை. ஏப்ரல் 22-ஆம் நாளைக் குழுத்தலைவியர் நாளாகக் கொண்டாடி, சிறுமியர் தம் கையால் செய்த வாழ்த்து மடல்களைத் தருகின்றனர். இதற்கு அதிகச் செலவு ஏதுமில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு இல்லாமலில்லை. 1950-இல் தோன்றிய பாரத சாரண சாரணியர் அமைப்பில் சிறுமியர் சாரணியர் சங்கம் 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இணைந்தது. பெரியோரின் பணிக்கென அவ்வமைப்பில் நற்பணிப் பதக்கம், வெள்ளி நட்சத்திரம், யாவற்றினும் உயர்ந்த வெள்ளி யானை ஆகிய விருதுகள் உள்ளன. நம் பள்ளிகளில் சாரணியரைப் பழக்குவோர் பெரும்பாலும் ஆசிரியைகள். பாடம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் இப்பணியைச் செய்கிறார்கள். முகாமுக்குச் சென்ற பெண் பிள்ளைகள் இரவு பத்திரமாக வீடு திரும்பும் வரை தம் வீட்டுக்குப் போகாமல் காத்திருப்பவர்கள் அவர்களே. ஆண்டு விழாவில் பொன்னாடை மட்டும் மேடைக்கு வந்த விருந்தினருக்கு!

தம் ஊர்ப் பள்ளியில் சாரணியர் குழு இருந்தால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அதனை நடத்தும் அம்மையாரின் பெயரைக் கேட்டறிந்து, அவர் ஓராண்டில் செய்தவற்றைப் பெற்றோர் வாயிலாகத் திரட்டி, தலைமையாசிரியர் வழியாக மாவட்டச் சாரண சாரணியர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதன் நகலை அந்த அம்மையாருக்கும் கொடுப்பது நலம்.