புரியாத மொழியில் ஒரு அலறல்: கேட்பது எப்படி?

இங்கிலீஷ்ல பாடினாதான் உலகம் கேட்கும்னு நினைக்கிறீங்களா? அப்போ ஓரன்ஸி பஸுஸுவைக் கேளுங்க. பின்லாந்தின் தம்பெரே நகரத்து பிளாக் மெட்டல் குழு. அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 55 லட்சம்தான். நைட்விஷ் போன்ற பிரபல குழுக்கள் ஆங்கிலத்தில் பாட, இவர்கள் பின்னிஷ் மொழியை விடவில்லை. 2020-இல் இவர்களுடைய 'மெஸ்தரின் கின்ஸி' ஆல்பத்தை வெளியிட்டது ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனம்.

தலைப்பின் பொருள் 'எஜமானின் நகம்'. மெஸ்தரி என்றால் எஜமான். கடைசி 'ன்', நம்ம 'இன்' உருபு செய்யும் அதே வேலையைச் செய்கிறது!

கேட்கும் முறை:

1. முதல் தடவை அர்த்தம் தேடாதீங்க. அலறலையும் ஒரு கிதாராக நினைச்சுக்கோங்க.

2. அடுத்த தடவை சொற்களைக் கவனியுங்க. பின்னிஷில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழும். அந்த அடியைப் பிடிங்க.

3. கடைசியா, மொழிபெயர்ப்போடு கேளுங்க.

சின்ன மொழின்னு எதுவும் இல்லைன்னு அப்போ புரியும்.