ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?



நம் தளவானூர்க் குடைவரைக் கோயிலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து உண்டாக்கியது. அது மாதிரி கெட்டிப் பாறைதான் நம் கழனிக் கிணறுகளுக்கு அடியிலும் இருக்கிறது. பாறை தண்ணீரை உறிஞ்சாது. மேலே உள்ள மண்ணிலும், இற்றுப்போன கல்லிலும், பாறை வெடிப்பிலும்தான் நிலத்தடி நீர் நிற்கும். அதனால் நம்ம தண்ணீர் கொஞ்சம்தான். அதில் எது கலந்தாலும் லேசில் போகாது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது சுமார் 20 கிலோ 700 கிராம். இதில் பாதியைக்கூட நெல் எடுத்துக்கொள்வதில்லை. மீதி எங்கே போகிறது?

1. காற்றுக்கு: ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு ஆகும். இது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

2. ஏரிக்கு: மழையில் அடித்துக்கொண்டு போய் ஏரியில் சேரும். பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். அவை அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும்.

3. கிணற்றுக்கு: நைட்ரேட்டாக மாறி மண்ணில் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்கு நிறமில்லை, வாசனையில்லை.

எங்கள் வீட்டில் அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறது. பாப்பாவுக்கு 2 மாசம். பால் பத்தலை என்று பவுடர் பாலைக் கழனிக் கிணத்துத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தோம். "நல்லா கொதிக்க வெச்சிட்டா ஒண்ணும் ஆவாது" என்று ஆயா சொல்லும். கிருமி சாகும், அது உண்மை. ஆனால் நைட்ரேட் போகாது! தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும். 6 மாசத்துக்குள் உள்ள குழந்தைக்கு இது ரத்தத்தில் ஆக்சிஜன் போவதைத் தடுக்கும். உடம்பு நீலம் பாரிக்கும். அறிவியல் பாடத்தில் இதைப் படித்த அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். அதுவரை பாப்பாவுக்கு அந்தத் தண்ணி வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

மோட்டாரையும் இங்கே பேச வேண்டும். தேவைக்கு மேல் தண்ணீர் கட்டினால், அந்தத் தண்ணீரே யூரியாவைக் கரைத்துக் கீழே தள்ளும். 5 குதிரைத்திறன் மோட்டார் 4 மணி நேரம் ஓடினால் சுமார் 15 யூனிட். அந்தக் கரண்ட் நிலக்கரியில் எடுத்தது என்றால் கிட்டத்தட்ட 15 கிலோ கரியமில வாயு வெளியே வரும். சூரிய சக்தி மோட்டாரில் இந்தப் புகை இல்லை. 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் குசும் திட்டத்தில் இதற்கு மானியமும் உண்டு. நல்லதுதான். ஆனால் கரண்ட் பில் இல்லை என்று நாள் முழுக்க ஓட விட்டால் என்ன ஆகும்? வெயில் தீராது. பாறை வெடிப்பில் உள்ள தண்ணீர் தீர்ந்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை:

* யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடலாம். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தால் பயிருக்கு வேணுமா, வேண்டாமா என்று தெரிந்துவிடும்.
* நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். அதன் வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தரும். மல்லாட்டைக்கும் இந்த முடிச்சு உண்டு.
* சூரிய மோட்டாரோடு சொட்டுநீர்க் குழாயும் போடலாம்.
* பூச்சிமருந்து டப்பாவை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். யூரியா அமிர்தம்கூட இல்லையே!

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று கேளுங்கள்: "நம்ம கழனிக்கு இந்தப் போகம் எத்தனை மூட்டை போட்டோம்? அந்தக் கிணத்துத் தண்ணியை யார் யார் குடிக்கிறோம்?"



- 9-ஆம் வகுப்பு மாணவி